இன்சுலின் மாத்திரையும் தினமும் மாறும் வயிறும்

"மோளே, இன்சுலின் மாத்திரையா வந்திருக்காமே, ஒங்கிட்ட உண்டா?" திங்கள்சந்தையில் மருந்துக்கடை நடத்தும் எனக்கு இது பழகிப்போன கேள்வி. மகனோ மருமகளோ போனில் ஒரு வீடியோ காட்டியிருப்பார்கள். அதில் நானோ என்ற சொல் கட்டாயம் இருக்கும், இனி ஊசியே தேவையில்லை என்றும் இருக்கும். "இன்னும் வரல பெரியம்மே" என்று சொல்லி அனுப்புவேன். பதில் சரிதான். ஆனால் ஏன் இன்னும் வரவில்லை என்று யாராவது கேட்டால், பார்மசி படிக்கும்போது மனப்பாடம் செய்த ஒரு வரிதான் என்னிடம் இருந்தது: இன்சுலின் ஒரு புரதம், வயிற்றில் செரித்துவிடும். 1922 ஜனவரியில் டொரன்டோவில் ஒரு சிறுவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டது. நூறு வருடம் தாண்டியும் அது ஊசியாகவே இருப்பதற்கு அந்த ஒரு வரி போதுமான காரணமாக எனக்குத் தோன்றவில்லை. அமிலத்திலிருந்து மருந்தைக் காப்பாற்றும் பூச்சுகள் வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. அப்புறம் எங்கேதான் தடை? இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

ஊசி வேண்டாம் என்கிறவர்கள் வலிக்குப் பயந்தவர்கள் என்று நினைப்பவர்கள் எங்கள் கடையில் ஒரு காலை உட்கார்ந்து பார்க்க வேண்டும். கடியப்பட்டணத்திலிருந்து வரும் ஒரு அக்கா, விடியும் முன்னே ஏலத்துக்குப் போய் மீன் எடுத்துக் கூடை சுமந்து விற்கிறவர். எப்போது சாப்பிடுவார் என்பது அன்றைய மீன்பாட்டைப் பொறுத்தது. ஊசி போட்டுக்கொண்ட பிறகு சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கி நடுவழியில் தலைசுற்றும். அந்தப் பயத்தில் பல நாள் ஊசியையே விட்டுவிடுகிறார். இன்னொரு தொல்லை சிரிஞ்சு. நம் நாட்டில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் கணக்கில் வருகிறது. அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. 100 யூனிட் கணக்கில் வருவதற்கு ஆரஞ்சு மூடி. ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 40 யூனிட் குப்பியின் மருந்தை எடுத்தால், கோடு சரியாக இருக்கும், உடம்புக்குப் போவது வேண்டியதில் பாதிகூட இருக்காது. கண் மங்கிய வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் இது சின்ன விஷயமே அல்ல.

குளிர்பதனம் இன்னொரு கதை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் நம் கன்னியாகுமரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது மின்கம்பங்களும் ரப்பர் மரங்களும் சேர்ந்து சாய்ந்தன. நாட்கணக்கில் கரண்ட் இல்லை. கடை ஃப்ரிட்ஜில் இருந்த இன்சுலினைத் தெர்மாகோல் பெட்டிக்கு மாற்றி, ஜெனரேட்டர் ஓடிய ஒரு ஐஸ் பிளாண்டில், மீனுக்குப் போடும் ஐஸை வாங்கி வைத்தேன். அதிலும் ஐஸ் நேரடியாகப் பட்டு மருந்து உறைந்துவிட்டால் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான், ஆகவே துணி சுற்றி, மணிக்கொரு தடவை திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகளிலிருந்தும் அந்த நாட்களில் இன்சுலின் கேட்டு ஆட்கள் வந்தார்கள். அழுது ஓய்ந்த முகத்தோடு ஒரு பெண் வந்து மாமியாருக்கு மருந்து தீர்ந்துவிட்டது என்று நின்றதை மறக்க முடியாது. இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10.1 கோடி என்று 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ஆய்வு கணக்கிட்டது. அதில் ஊசியைச் சார்ந்தவர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் இப்படி ஏதாவது ஒரு சிக்கல் இருக்கும். அதனால்தான் விழுங்கும் இன்சுலினை ஒரு சொகுசாக என்னால் பார்க்க முடியவில்லை.

பீக்கரில் தெரிந்த நீலக் கலங்கல்

என்னோடு படித்த தோழி ஒருத்தி ஒரு பார்மசி கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய நானோ துகள்களில் மருந்தை அடைப்பது அவளுடைய ஆராய்ச்சி. அவளிடம் என் சந்தேகத்தைச் சொன்னபோது, "வாயால சொன்னா ஏறாதுட்டி, லேபுக்கு வா, காட்டுதேன்" என்றாள். போனேன்.

ஒரு பீக்கரில் கைட்டோசான் கரைசல் வைத்திருந்தாள். இறால், நண்டு ஓடுகளில் கைட்டின் என்ற பொருள் இருக்கிறது. ஓட்டை அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பை நீக்கி, காரத்தில் போட்டுப் புரதத்தை நீக்கி, மேலும் அடர்ந்த காரத்தில் சூடாக்கினால் கைட்டின் கைட்டோசானாகிவிடும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இந்தத் தொழில்நுட்பத்தில் பல காலம் வேலை செய்திருக்கிறது. குளச்சல் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகிற ஓட்டுக் குவியலிலிருந்து வாசனையே இல்லாத ஒரு வெளிர் பொடி வருகிறது என்பதே எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. அந்தப் பொடி வெறும் தண்ணீரில் கரையாது, லேசான அமிலத்தில் கரையும். கரைந்ததும் அதன் நீண்ட இழைகள் நேர்மின்னூட்டம் பெறுகின்றன.

அதில் டிரைபாலிபாஸ்பேட் என்ற உப்பின் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். இதற்கு எதிர்மின்னூட்டம். அடியில் காந்தக் குச்சி சுழன்றுகொண்டிருந்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, தெளிந்திருந்த நீரில் மெல்ல ஒரு நீலம் கலந்த கலங்கல் வந்தது. லேசர் லைட்டைப் பக்கவாட்டிலிருந்து அடித்தாள். பீக்கருக்குள் ஒளி போகும் பாதை ஒரு கோடாகத் தெரிந்தது. உப்பு விடுவதற்கு முன் அடித்தபோது இப்படித் தெரியவில்லை. நேரும் எதிரும் ஈர்த்து, இழைகள் தமக்குள் பின்னிச் சிறு உருண்டைகளாகிவிட்டன. ஒவ்வொன்றும் இருநூறு நானோமீட்டர் போல. தலைமுடி ஒன்றின் குறுக்கே நூற்றுக்கணக்கில் அடுக்கலாம். சூடு வேண்டாம், கடுமையான கரைப்பான் வேண்டாம், அதனால் இன்சுலின் போன்ற மென்மையான புரதத்தையும் சிதையாமல் உள்ளே பிடித்துவைக்கலாம். ஸ்பெயினைச் சேர்ந்த ஒரு குழு 1997-இல் இதை வெளியிட்ட பிறகு உலகமெங்கும் சிறிய ஆய்வகங்களில்கூடச் செய்கிறார்கள்.

அடுத்து அவள் செய்ததுதான் என் யோசனையைத் திருப்பியது. அந்தக் கலங்கலில் கொஞ்சம் எடுத்து, வயிற்றில் இருக்கும் புளிப்பின் அளவுக்கு, பிஹெச் (புளிப்பை அளக்கும் எண், எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 1.2-இல் தயாரித்த அமிலத்தில் விட்டுக் கலக்கினாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கலங்கல் போனது. லேசரை அடித்தால் கோடு இல்லை. "எங்க போச்சு?" என்றேன். "அவுந்து போச்சு" என்றாள். அந்தக் கடும் அமிலத்தில் டிரைபாலிபாஸ்பேட் தன் மின்னூட்டத்தின் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது, பிடிமானம் போய்விடுகிறது. கைட்டோசானோ அமிலத்தில் கரையும் இயல்புடையது. மருந்து மட்டுமல்ல, மருந்தைக் காக்கப் போட்ட உறையே வயிற்றில் குலைகிறது.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது ரப்பர் பால். என் பிறந்த வீடு குலசேகரம் பக்கம், அப்பா ரப்பர் வெட்டுகிறவர். சிரட்டையிலிருந்து வாளிக்குச் சேர்த்த பாலை வடிகட்டி, டிஷ்ஷில் ஊற்றி, ஃபார்மிக் ஆசிட் கலந்து வைத்தால் சற்று நேரத்தில் கட்டியாகிவிடும். அப்புறம் ரோலரில் போட்டு ஷீட் அடிப்பார்கள். ரப்பர் பாலும் நீரில் மிதக்கும் பாலிமர் (சங்கிலி போல நீண்ட மூலக்கூறு) துகள்கள்தான். அவற்றின் மேலிருக்கும் எதிர்மின்னூட்டம் ஒன்றையொன்று தள்ளி வைத்திருப்பதால்தான் பால் பாலாக இருக்கிறது. ஆசிட் அந்த மின்னூட்டத்தை இல்லாமல் செய்ததும் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. எதிர்மின்னூட்டத்தை மட்டும் நம்பி மிதக்கும் மருந்துத் துகளுக்கும் வயிற்றில் இதே கதிதான். பிஎல்ஜிஏ என்ற பாலிமர் ஒன்று உண்டு, தானாகக் கரையும் தையல் நூலும் அந்த இனத்தில்தான் செய்கிறார்கள், உடம்பில் லாக்டிக் அமிலமாகவும் கிளைகாலிக் அமிலமாகவும் பிரிந்துவிடும். நல்ல பொருள்தான். ஆனால் மேற்பூச்சு எதுவும் இல்லாவிட்டால் அதன் துகள்கள் அமிலத்தில் ஒன்றாகத் திரளப் பார்க்கும். கைட்டோசான் துகள் பிரிந்து போகிறது, பிஎல்ஜிஏ துகள் கட்டிப் போகிறது. குமரி மாவட்டத்தில் ரப்பர் ஷீட் அடித்த எந்த வீட்டுக்காரருக்கும் இந்த விஷயத்தின் பாதியை நான் விளக்க வேண்டியதே இல்லை.

சரி, இதைத் தாண்ட வழி இருக்கிறது. அமிலத்தில் கரையாமல் குடலில் மட்டும் கரையும் அக்ரிலிக் பாலிமர்கள் கடைகளில் விற்கும் எத்தனையோ மாத்திரைகளின் மேல் பூசப்பட்டிருக்கின்றன. பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் அமிலத்தில் சுருங்கும், குடலின் பிஹெச்சில் விரியும். அதைக் கைட்டோசான் துகளின் மேல் போர்த்துகிறார்கள். அப்படிப் போர்த்திய துகளை அவள் அதே அமிலத்தில் விட்டுக் காட்டினாள். கலங்கல் போகாமல் அப்படியே இருந்தது. வயிற்றைத் தாண்டிவிடலாம் என்பது அங்கேயே உறுதியானது. எனவே நான் மனப்பாடம் செய்த வரி விடையில் ஒரு சிறு பகுதிதான்.

ஒட்டினால் நிற்கும், வழுக்கினால் நுழையாது

குடல் சுவர் வெறும் சுவர் அல்ல. அதன் மேல் சளிப்படலம் இருக்கிறது, அது ஓயாமல் சுரந்து, சில மணி நேரத்தில் பழையது கழிந்து புதியது வருகிறது. கைட்டோசான் நேர்மின்னூட்டம் உள்ளது, சளி எதிர்மின்னூட்டம் உள்ளது. அதனால் துகள் நன்றாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டுவது நல்லது என்றுதான் நெடுநாள் எழுதினார்கள். ஆனால் மேலே ஒட்டியது, சளி கழியும்போது அதோடு சேர்ந்து வெளியே போகிறது. அப்படியானால் ஒட்டாமல் வழுக்கிப் போகட்டும் என்று பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற ஒட்டாத பாலிமரைப் பூசிப் பார்த்தார்கள். துகள் சளியைத் தாண்டியது. தாண்டியபின் செல்லின் மேல் ஒட்ட வேண்டுமே, அங்கும் வழுக்கியது. சளியில் வழுக்கி, செல்லில் ஒட்டும்படி இரண்டு குணமும் ஒரே துகளில் வேண்டும் என்பதில்தான் இன்றைய உழைப்பு பெரிதும் போகிறது. 2013-இல் அமெரிக்காவில் ஒரு குழு, தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்களைக் குழந்தைக்குக் கடத்தும் ஒரு ஏற்பி (செல்லின் மேல் குறிப்பிட்ட பொருளைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) குடல் செல்களில் பெரியவர்களிடமும் இருப்பதைப் பயன்படுத்தி, துகளை அதன் வழியாகவே கடத்தி எலிகளில் காட்டியது. அழகான யோசனை.

செல்களுக்கு இடையில் உள்ள இறுகிய இணைப்புகளைச் சற்று நேரம் தளர்த்தும் குணமும் கைட்டோசானுக்கு உண்டு. ஆனால் பிஹெச் 6.5-ஐத் தாண்டினால் அதன் மின்னூட்டம் குறைந்துவிடும், குடலின் கீழ்ப்பகுதியில் பிஹெச் ஏழைத் தொடும். மேலும் வருடக்கணக்கில் தினமும் அந்த இணைப்பைத் தளர்த்தினால் மருந்தோடு சேர்ந்து வேறு என்னென்ன உள்ளே போகும் என்ற கவலை எனக்கு இருக்கிறது. சர்க்கரை மருந்து ஆயுள் முழுக்க எடுப்பது. ஒரு வாரம் எலிக்குக் கொடுத்துப் பார்த்தது அதற்குச் சான்றாகாது.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். கணையம் சுரக்கும் இன்சுலின் முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. குடலில் உறிஞ்சப்படுவதும் அதே வழியில் முதலில் கல்லீரலுக்குப் போகும். தோலுக்கு அடியில் போடும் ஊசி அப்படிப் போவதில்லை. உடம்பின் சொந்த வழியை ஒட்டிப் போகும் மருந்து என்பதால் இந்த ஆசையை விட யாருக்கும் மனம் வரவில்லை.

இரண்டாம் நாளில் இறங்கிய சர்க்கரை

இதைப் பற்றிப் படிக்கும்போது என்னை நிறுத்திய இடம் 1988-இல் பிரான்சில் நடந்த ஒரு ஆய்வு. ஃபெவிகுவிக் பசையின் வேதிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பாலிமரில் இன்சுலினை நானோ அளவில் அடைத்து, சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளுக்கு வாய்வழியே கொடுத்தார்கள். சர்க்கரை குறைந்தது. இந்தத் துறையின் பெரிய தொடக்கம் என்று எல்லோரும் குறிப்பிடும் ஆய்வு. ஆனால் சர்க்கரை குறையத் தொடங்கியது இரண்டாம் நாளில். ஒரே தடவை கொடுத்தது, அளவைப் பொறுத்துப் பல நாட்கள் வேலை செய்தது. முதலில் படித்தபோது எனக்கும் ஆச்சரியம்தான். மறுபடி யோசித்தபோது பயமாக இருந்தது. காலையில் விழுங்கியது எப்போது வேலையைத் தொடங்கும் என்று தெரியாது, தொடங்கினால் நிறுத்த முடியாது. மீன் விற்கப் போன அந்த அக்கா மதியம் வரை சாப்பிடாத நாளில் அது தொடங்கினால்?

நான் சொல்ல வருவது இதுதான். வாய்வழி இன்சுலினில் எல்லா வீடியோவும் கேட்கும் கேள்வி, உள்ளே போகிறதா என்பது. போகிறது. எலியிலும் போயிருக்கிறது, மனிதரிலும் போயிருக்கிறது. கேட்க வேண்டியது, இன்று போன அளவே நாளையும் போகுமா என்பது. ஊசியில் பத்து யூனிட் போட்டால் அதில் பெரும்பகுதி உடம்பில் சேர்கிறது. விழுங்கியதில் ரத்தத்துக்குப் போவது நூற்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். பத்து யூனிட் சேர ஆயிரம் யூனிட் விழுங்க வேண்டும். பத்து மில்லிக் குப்பியில் இருப்பது 400 யூனிட், ஆக ஒரு வேளைக்கு இரண்டரைக் குப்பி. செலவை விடுங்கள். நாளை குடல் கொஞ்சம் தாராளமாக நூற்றில் இரண்டு பங்கை விட்டுவிட்டால், உடம்புக்குப் போவது இருபது யூனிட். இருபது யூனிட் வேண்டாத ஒருவருக்கு அது மருத்துவமனைக் கட்டிலில் முடியலாம். உறிஞ்சும் பங்கு சிறியதாக இருக்கும்வரை, சின்ன ஏற்ற இறக்கமும் இரட்டிப்பாகத்தான் தெரியும்.

வயிறும் குடலும் ஒரு நாள் இருப்பது போல மறுநாள் இருப்பதில்லை. சாப்பிட்டவுடன் வயிற்றின் பிஹெச் நான்கு, ஐந்து வரை ஏறிவிடும். மரச்சீனியும் மீன்குழம்பும் சாப்பிட்ட வயிறு காலியாக எடுக்கும் நேரம் வேறு, கட்டன் சாயா மட்டும் குடித்த வயிறு காலியாகும் நேரம் வேறு. எங்கள் கடையில் சர்க்கரை மாத்திரை வாங்குகிறவர்களில் எத்தனையோ பேர் கூடவே கேஸ் மாத்திரையும் வாங்குகிறார்கள். அது அமிலத்தையே குறைத்து வைத்திருக்கும். அமிலத்தை நம்பிப் பூசிய பூச்சு அவர்களுக்குள் எங்கே கரையும்? லேபில் பிஹெச் 1.2 என்று ஒரு பாட்டிலில் எழுதி ஒட்டிவிடலாம், மனிதரின் வயிற்றில் ஒட்ட முடியாது.

இதுவரை பெரிய அளவில் நடந்த சோதனைகளைப் பார்த்தால் இது விளங்கும். அவற்றில் பலவும் நானோ துகள் அல்ல, வேறு உத்திகள். ஆனால் கடக்க வேண்டிய குடல் ஒன்றுதான். பெங்களூரின் பயோகான் நிறுவனம் வேதிமுறையில் மாற்றிய ஒரு வாய்வழி இன்சுலினை இந்திய நோயாளிகளிடம் சோதித்து, ஹெச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) இலக்கை எட்டவில்லை என்று 2011-இல் அறிவித்தது. டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க் நிறுவனம், ரத்தத்தில் நீண்ட நேரம் தங்கும்படி மாற்றிய இன்சுலினை மாத்திரையாகக் கொடுத்து, எட்டு வாரத்தில் ஊசிக்குச் சமமாகச் சர்க்கரையைக் குறைத்துக் காட்டியது. அந்தச் சோதனையின் முடிவு 2019-இல் வெளிவந்தது. ஆனால் தேவைப்பட்ட இன்சுலின் அளவு அத்தனை அதிகமாக இருந்ததால் விற்பனைக்குக் கொண்டுவர முடியாது என்று நிறுத்திவிட்டார்கள். இஸ்ரேலின் ஓராமெட் நிறுவனத்தின் மாத்திரை 2023 ஜனவரியில் இறுதிக்கட்டச் சோதனையில் தோற்றது.

செமக்ளூடைட் என்ற சர்க்கரை நோய் மருந்து மாத்திரையாக வந்துவிட்டதே என்பார்கள். 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, இங்கும் கிடைக்கிறது. அது இன்சுலின் அல்ல, அதில் நானோ துகளும் இல்லை, உறிஞ்சுதலுக்கு உதவும் ஒரு உப்பு இருக்கிறது. வாரம் ஒரு மில்லிகிராம் ஊசியாகப் போடும் மருந்தை மாத்திரையில் தினமும் 14 மில்லிகிராம் வரை கொடுக்கிறார்கள். மிச்சமெல்லாம் வீண். இருந்தும் பாதுகாப்பாக வேலை செய்யக் காரணம், அது ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். இன்று குறைவாகவும் நாளை கூடுதலாகவும் போனால் சராசரியாகிவிடும். சாதாரண இன்சுலின் ரத்தத்தில் சில நிமிடங்களில் பாதியாகிவிடுகிறது. அதற்குச் சராசரி ஆகும் அவகாசம் கிடையாது. இவ்வளவு வசதி இருந்தும் செமக்ளூடைட்டை வெறும் வயிற்றில், அரை டம்ளர் தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள்.

நானோவால் பயனில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கீமோதெரபி வாந்திக்குக் கொடுக்கும் அப்ரெபிடன்ட், தண்ணீரில் சரியாகக் கரையாத மருந்து. சாதாரணப் பொடியாகக் கொடுத்தபோது சாப்பாட்டோடு எடுத்தால் ஒரு அளவு, இல்லாமல் எடுத்தால் வேறு அளவு உறிஞ்சப்பட்டது. வாந்தி எடுக்கும் நோயாளியிடம் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடுங்கள் என்று எப்படிச் சொல்வது? மருந்தையே நானோ அளவுக்கு அரைத்து, துகள்கள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மேலே பாலிமரைப் பூசினார்கள். சாப்பாட்டு வித்தியாசம் போய்விட்டது. 2003-இல் சந்தைக்கு வந்தது. நெய்யூரில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வருகிறவர்களுக்காக அப்ரெபிடன்ட் சீட்டோடு யாராவது கடைக்கு வரும்போது எனக்கு அந்த மருந்தின் மேல் ஒரு மரியாதை வருகிறது. அங்கே நானோ செய்தது அதிசயமான நுழைவு எதுவும் இல்லை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் ஒரே அளவு என்பதை மட்டும் செய்தது. நோயாளிக்கு வேண்டியது அதுதான்.

அதனால் அடுத்து வரும் வாய்வழி இன்சுலின் செய்தியில் நான் தேடப்போவது சர்க்கரை எத்தனை சதவீதம் இறங்கியது என்ற எண்ணை அல்ல. அது எல்லோரின் சராசரி. ஒரே ஆளுக்கு ஒரே மாத்திரையைப் பல நாள் கொடுத்து, நாளுக்கு நாள் எவ்வளவு மாறியது என்று காட்டினார்களா, சாப்பிட்ட நாளும் சாப்பிடாத நாளும் அதில் இருந்தனவா, கேஸ் மாத்திரை எடுப்பவர்களைச் சேர்த்தார்களா என்று பார்ப்பேன். இந்தியாவில் சோதனை நடந்தால், விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிறவரும், ஏலம் முடிந்து பதினொரு மணிக்குக் கஞ்சி குடிக்கிறவரும் அதில் இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குகிறவர்களை மட்டும் வைத்து அனுமதி வாங்கிய மாத்திரையை இவர்களிடம் எடுத்துக் கொடுக்க எனக்குத் தைரியம் வராது. தோழியிடம் இதைச் சொன்னேன். அவளுடைய மாணவர்கள் வரும் பருவத்தில் அதே ஆல்ஜினேட் போர்த்திய துகள்களை, சாப்பிட்ட வயிற்றை ஒத்த பிஹெச் ஐந்து கரைசலிலும், அமிலம் குறைந்த கரைசலிலும் விட்டு, உள்ளிருக்கும் மருந்து எந்த நேரத்தில் எவ்வளவு வெளியே வருகிறது என்று அளக்கப் போகிறார்கள்.